மகனிடம் மார்க்கை மட்டும்தான் கேட்டேன்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'அப்பா' படம் போட்டார்கள். 2016ல் சமுத்திரக்கனி இயக்கி நடித்த படம். என் கணவருக்கு அன்று சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட். பத்தாவது படிக்கும் மகனை, 'நீ உள்ளே போய்ப் படி' என்று விரட்டிவிட்டு, நானும் மகளும் பார்த்தோம். பாதிப் படத்தில் திரும்பினால், அவன் கதவு இடுக்கில் நின்று பார்த்துக் கொண்டிருக்கிறான். பாவமாக இருந்தது. கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

படத்தில் மூன்று அப்பாக்கள். பிள்ளையை அவன் விருப்பப்படி வளர விடுகிறார் ஒருவர். இருக்கிற இடம் தெரியாமல் அடங்கிக் கிடந்தால் போதும் என்று வளர்க்கிறார் இன்னொருவர். தம்பி ராமையா நடித்த சிங்கப்பெருமாளுக்கோ எப்போதும் படிப்பு, படிப்பு, படிப்புதான். கடைசியில் அவர் பிள்ளை உயிரையே விட்டு விடுகிறான். அதைப் பார்த்து நான் அழுதுகொண்டே, 'என்ன மனுஷன் இவன்!' என்று திட்டினேன். என் மகன் மெதுவாக, 'நீயும் அவரு மாதிரிதாம்மா' என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துப் போச்சு.

பொய் இல்லையே! விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுப்புவேன். பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கைச் சொல்லிக் காட்டுவேன். பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்க வளையலை அடகு வைக்கவும் துணிந்திருந்தேன். அவன் பாலிடெக்னிக் போகிறேன் என்றபோது, 'அப்பா மாதிரி மெஷினோட மாரடிக்கப் போறியா?' என்றேன். அந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது என்பது கூட அப்போது உறைக்கவில்லை.

அன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக மார்க்கைத் தவிர வேறு விஷயம் பேசினேன். ஹாஸ்டலை நினைத்துப் பல நாள் தூக்கமே வரவில்லை என்றான். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே!

மறுநாள் கணவர்தான் விளக்கினார். பத்தாவது முடித்து மூன்று வருடம் டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாமாம். எது என்று இன்னும் முடிவாகவில்லை. ஹாஸ்டல் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அலாரத்தையும் ஐந்தரைக்கு மாற்றி விட்டேன்.

பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரேங்க் பட்டியலை அரசே 2017ல் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் நிறுத்தவில்லை. தாய்மார்களே, சாப்பாடு போடும்போதாவது பிள்ளையிடம் மார்க் பேசாதீர்கள். அவன் திடீரென்று பேச்சைக் குறைத்தாலோ, தூங்காமல் இருந்தாலோ, திட்டாமல் காரணம் கேளுங்கள். வீட்டில் சொல்லத் தயங்கினால், பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். சினிமாவில் பார்த்து அழுதால் மட்டும் போதுமா?

- ஒரு வாசகி, ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.