அறிவுறுத்தலும் தரவே: பார்ட்லெட்டின் கதைச் சோதனைவழி உளவியல் ஆய்வியல் நெறிமுறைகள்

உளவியல் அணுகுமுறையில் அமையும் தமிழாய்வுகள் பல ஃபிராய்டு, யுங் ஆகியோரின் கோட்பாடுகளை இலக்கியத்தில் பொருத்திப் பார்ப்பனவாக உள்ளன. உளவியலார் ஒரு முடிவை எவ்வாறு எட்டுகின்றனர் என்பது நம்மிடையே குறைவாகவே பேசப்படுகிறது. வாய்மொழிக் கதை ஆய்வுக்கு நெருக்கமான ஒரு சோதனையைக் கொண்டு அந்நெறிமுறையின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட், ஃபிரான்ஸ் போவாஸ் மொழிபெயர்த்த 'ஆவிகளின் போர்' என்னும் வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதையைத் தழுவி, அதனை ஆங்கிலேயப் பங்கேற்பாளர்களிடம் படிக்கக் கொடுத்தார். இருமுறை படித்த அவர்கள் கால்மணி நேரத்திற்குப் பின்னும், நாள்கள், மாதங்கள் கழித்தும் அதனை நினைவிலிருந்து எழுதினர். கதை சுருங்கியது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, பூர்வகுடியினரின் ஓடம் வெறும் படகாயிற்று, சிலர் எழுத்தில் ஆவிகளே மறைந்தன. நினைவு என்பது சேமித்ததை எடுப்பதன்று, தாம் அறிந்த பண்பாட்டு வார்ப்புக்கேற்ப மீளக் கட்டுவது என 1932-இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார்.

கருத்து வலிமையானது, வழிமுறையோ தளர்வானது. மீண்டும் எழுதச் செய்த இடைவெளி ஆளுக்கு ஆள் வேறுபட்டது. எழுதியவர் நினைவு பிறழ்ந்து மாற்றினாரா, நன்றாக எழுத வேண்டுமென்று தாமே இட்டு நிரப்பினாரா எனப் பிரித்தறியவும் வழியில்லை. 1967-இல் கோல்ட், ஸ்டீபன்சன் இருவரும் இதே கதையைக் கொண்டு அவ்வினாவைச் சோதித்தனர். துல்லியமாக எழுதுமாறு கண்டிப்பாக அறிவுறுத்தியபோது பிழைகள் குறைந்தன.

இங்கு ஆய்வாளர் மாற்றுவது அறிவுறுத்தல். எனவே அது சார்பற்ற மாறி. அதற்கேற்ப மாறுகிறதா என அளக்கப்படும் பிழை, சார்ந்த மாறி. கதை, இடைவெளி முதலிய பிற யாவும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எவரை எக்குழுவில் இடுவது என்பதைக் குலுக்கல் முறையே முடிவுசெய்தல் நன்று. இல்லையேல் நினைவாற்றல் மிக்கோர் ஒரு பக்கம் சேர்ந்துவிடக்கூடும். இவற்றினும் கடினமானது 'பிழை' என்பதன் செயல்முறை வரையறை. ஒருபொருட் பன்மொழி பிழையா? விடுபாடும் திரிபும் ஒரே எடையினவா? பாடவேறுபாடுகளைத் தொகுத்த பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இவ்வினாவை உளவியலார் எண்ணத் தொடங்கும் முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

இக்கட்டுரையாளரின் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வில், ஒரு மூதாட்டி நல்லதங்காள் கதையைச் சில மாத இடைவெளியில் இருமுறை கூறினார். முதன்முறை, குழந்தைகள் கிணற்றில் எறியப்படும் பகுதி ஒவ்வொரு குழந்தையாக நீண்டது. மறுமுறை ஒரே தொடரில் முடிந்தது. அவ்வேறுபாட்டிற்கு முதுமையும் மறதியும் காரணம் என அவ்வாய்வேடு முடிவுகூறியது. அண்மையில் பதிவுகளை மீளக் கேட்டபோது, இரண்டிலும் அவர் குரலே முதலில் ஒலித்தது. கருவி இயக்கப்பட்டது வினாவுக்குப் பிறகு. "முழுசாச் சொல்லுங்க பாட்டி" என்றா, "சுருக்கமாச் சொல்லுங்க" என்றா கேட்கப்பட்டது என்பதற்குக் குறிப்பேட்டிலும் சான்றில்லை. ஆகவே மறதி என்னும் அம்முடிவு நிறுவப்படாததாகிறது. தற்போதைய முனைவர் பட்டக் களப்பணியில், தகவலாளியிடம் கேட்ட தொடர் அதே சொற்களில் ஒவ்வொரு எழுத்துப்பெயர்ப்பின் தலைப்பிலும் இடம்பெறுகிறது.