லைன் வீடு கட்டுமுன்

திருப்பூரில் பெரிய ரோட்டை விட்டு எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் இந்தக் கட்டடம் கண்ணில் படும். நீளவாக்கில் ஒரு மனை. ஒரு ஓரமாக நாலடி நடைபாதை, அதைப் பார்த்து வரிசையாக நாலைந்து கதவுகள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஓர் அறை, ஒரு சமையலறை. கோடியில் பொதுக் குளியலறை, கழிப்பறை, துவைக்கிற கல். கொங்கு நாட்டில் இதற்கு லைன் வீடு என்று பெயர். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தும், இப்போது ஒடிசா, பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வருகிற பல குடும்பங்கள் முதலில் குடியேறுவது இங்கேதான். கட்டி வைத்திருப்பவர்களிலும் பலர் ரிடையரான ஆசிரியர், தோட்டத்தில் ஒரு துண்டை விற்ற விவசாயி என்று நடுத்தர நிலையில் இருப்பவர்களே.

கையில் கொஞ்சம் பணம் சேர்த்து, வாடகை வருமானம் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு அபார்ட்மென்ட் ஃபிளாட்டைவிட லைன் வீடு தோது என்பது என் கருத்து. ஃபிளாட் காலியானால் அந்த மாத வருமானம் முழுதாகப் போய்விடும். ஐந்து வீட்டில் ஒன்று காலியானால் நாலு வீட்டு வாடகை வந்துகொண்டிருக்கும். சுவர்கள் பொதுவாக இருப்பதால் கட்டுமானச் செலவும் குறையும்.

கணக்கைக் கண்ணைத் திறந்துகொண்டு போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஐந்து வீடு, வீட்டுக்கு 5,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 லட்சம். மனையும் கட்டடமுமாக 50 லட்சம் இறங்கியிருந்தால் 6 சதவீதம். இதில் சொத்துவரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் லாரி, காலியாகக் கிடந்த மாதங்கள் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது நாலரை, ஐந்து சதவீதம். வீட்டுக்கடன் வட்டி அதைவிட அதிகம். முழுக்கக் கடன் வாங்கிக் கட்டினால் மாதாமாதம் கைக்காசு போட்டுத் தவணை கட்ட நேரும். மனை வாங்கும்போதே முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் பத்திரத்துக்குப் போகிறது. 20 லட்சத்து மனைக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். பலர் இதை முதலீட்டில் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே இல்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

கட்டி முடித்த பிறகு லாபத்தைத் தீர்மானிப்பது வாடகை எவ்வளவு என்பதைவிட, குடியிருப்பவர் எத்தனை வருடம் இருக்கிறார் என்பதுதான். 5,000 ரூபாய் வாடகையில் 300 ஏற்றினால் வருடத்துக்கு 3,600 கூடுதல். அது தாங்காமல் அவர் காலி செய்தால்? ஒரு மாத வாடகை 5,000 போச்சு; வெள்ளையடித்து, குழாயும் சுவிட்சும் மாற்ற 4,000. இந்த 9,000 ரூபாயை அந்த 300 ரூபாயிலிருந்து மீட்க இரண்டரை வருடம் ஆகும். ஒழுங்காக வாடகை தருகிற குடும்பத்தை நூறு, இருநூறுக்காக விரட்டுவது மனிதத்தன்மை இல்லை, கணக்கும் இல்லை.

அவர்கள் காலி செய்வதற்குப் பெரும்பாலும் தண்ணீரும் கழிப்பறையுமே காரணம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஐந்து வீட்டில் இருபது பேர். நகரங்களுக்கு அரசு வகுத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஆக 2,700 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்தால் மோட்டாரை மூன்று தடவை போட வேண்டும். காலையில் கரன்ட் போனால் சண்டைதான். போர் தண்ணீர் இங்கே பல இடங்களில் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வருகிற நல்ல தண்ணீர் வேண்டும், அது தினமும் வராது. ஆளுக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு வாரத்துக்கு 1,400 லிட்டர் பிடித்து வைக்கத் தனியாகத் தரைத்தொட்டி தேவை. அஸ்திவாரம் போடும்போதே அதைக் கட்டிவிட வேண்டும். பிறகு நடைபாதையைத் தோண்டுவது பெரிய தலைவலி.

கழிப்பறைக்கும் இதே கணக்கு. கம்பெனி எட்டரைக்கு என்றால் ஆறரையிலிருந்து எட்டு வரை எல்லோருக்கும் அவசரம். 90 நிமிடம், இருபது பேர். ஒரே கழிப்பறை என்றால் ஆளுக்கு நாலரை நிமிடம், இரண்டு என்றால் ஒன்பது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணையும் முட்டிவலிக்காரப் பாட்டியையும் நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். இடம் இருந்தால் வீட்டோடு சேர்த்தே கட்டுங்கள். வாடகையும் கூடும், காலி செய்பவர்களும் குறைவார்கள்.

மின்சாரத்தில் நடக்கும் அநியாயம் எனக்குக் கோபமூட்டும் விஷயம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஐந்து குடித்தனத்துக்கும் தனித்தனி மீட்டர் வாங்கினால் 500 யூனிட். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் மாட்டினால் 100தான்; மொத்தம் 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் கட்டணமும் ஏறிவிடும். அந்தச் சுமையை யூனிட்டுக்கு இவ்வளவு என்று குடியிருப்பவர் தலையில் கட்டுகிறார்கள். தொடக்கத்திலேயே தனி இணைப்பு வாங்குங்கள். மோட்டாருக்கும் நடைபாதை விளக்குக்கும் பொது இணைப்பு ஒன்று போதும்.

வாய்ப்பேச்சில் குடிவைக்கும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தக் கூடாது. வருமான வரியில் ஒரு சலுகை உண்டு: கட்டிய சொத்துவரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை ரசீது காட்டாமலே கழித்துக்கொள்ளலாம்.

ஐந்து வீட்டில் ஒன்றுதான் காலியாகும் என்று மேலே சொன்னேன். ஒரே தொழிலை நம்பிய ஊரில் அது எப்போதும் பலிக்காது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். இப்படிப்பட்ட காலத்தில் வரிசை முழுவதும் பூட்டு விழும், தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். ஆறு மாதத் தவணைக்கான பணத்தை வங்கியில் தனியாகப் போட்டுவிட்டு மிச்சத்தில் எத்தனை வீடு கட்ட முடியும் என்று பாருங்கள். ஐந்துக்குப் பதில் மூன்றுதான் வருகிறது என்றால் மூன்றே கட்டுங்கள். அஸ்திவாரத்தையும் தரைத்தொட்டியையும் மட்டும் ஐந்துக்குப் போட்டு வையுங்கள்.