மெசெர்ஷ்மிட் எம்ஈ 321

மெசெர்ஷ்மிட் எம்ஈ 321 கிகாண்ட் என்பது இரண்டாம் உலகப்போரின் போது நாசி ஜெர்மனி உருவாக்கிய, எஞ்சின் இல்லாத பெரும் சரக்கு வானூர்தி ஆகும். கிகாண்ட் என்ற ஜெர்மானியச் சொல்லுக்கு அரக்கன் என்று பொருள். இவ்வகை வானூர்திகள் மிதவை வானூர்திகள் (கிளைடர்கள்) எனப்படுகின்றன. வேறொரு வானூர்தி இவற்றை வடம் கட்டி மேலே இழுத்துச் செல்லும்; இலக்கை நெருங்கியதும் வடம் விடுவிக்கப்பட, இவை மிதந்தபடி தரையிறங்கும்.

பின்னணி

1940ல் பிரிட்டன் மீது படையெடுக்க ஜெர்மனி திட்டமிட்டது. அக்கால வான்குடைகளால் வீரர்களை இறக்க முடிந்ததே தவிர, டாங்கிகளை இறக்க இயலவில்லை. எனவே டாங்கியைச் சுமக்கக்கூடிய மிதவை வானூர்தி தேவைப்பட்டது. படையெடுப்பு கைவிடப்பட்டாலும் வடிவமைப்புப் பணி தொடர்ந்தது. போட்டியாக யங்கர்ஸ் நிறுவனம் மரத்தால் கட்டிய வானூர்தியின் தளம், சோதனைக்காக டாங்கியை ஏற்றியபோது உடைந்துபோனது. மெசெர்ஷ்மிட் நிறுவனமோ எஃகுக் குழாய்ச் சட்டகத்தின் மீது மரமும் துணியும் போர்த்தியது. இறக்கைகளின் மொத்த அகலம் 55 மீட்டர். வெற்று எடை ஏறத்தாழ 12 டன் மட்டுமே என்றாலும், 20 டன்னுக்கும் மேற்பட்ட சுமையை ஏற்ற முடிந்தது. மூக்குப்பகுதி இரு கதவுகளாகத் திறந்ததால் வண்டிகள் நேராக உள்ளே சென்றன.

இழுப்பதில் சிக்கல்

மிதப்பது எளிதாக இருந்தது. தரையிலிருந்து எழும்புவதே கடினமாக இருந்தது. 1941 பிப்ரவரியில் நடந்த முதல் பறப்பில் நான்கு எஞ்சின் கொண்ட யங்கர்ஸ் 90 இதனை இழுத்தது. முழுச் சுமைக்கு அதன் ஆற்றல் போதவில்லை. எனவே மூன்று பிஎஃப் 110 வானூர்திகள் ஒருசேரப் பூட்டப்பட்டன. ஒன்றோடொன்று மோதாதிருக்க நடுவிலுள்ளதன் வடம் சற்று நீளமாக வைக்கப்பட்டது. கூடுதல் உந்துதலுக்கு இறக்கைகளின் அடியில் ராக்கெட்டுகள் பொருத்தப்பட்டன. அவை ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் மிதவை வானூர்தி திரும்பி, இழுக்கும் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும். பயிற்சியின் போதே உயிரிழப்புகள் நேர்ந்தன.

இதற்குத் தீர்வாக, இரண்டு ஹைன்கெல் 111 குண்டுவீச்சு வானூர்திகளை இறக்கையோடு இறக்கை ஒட்டி, இணைப்பில் ஐந்தாவது எஞ்சினைப் பொருத்தி, ஹெச்ஈ 111இசட் என்ற விசித்திரமான இழுவை வானூர்தி உருவாக்கப்பட்டது. ஆயினும் அவை மிகச் சிலவே கட்டப்பட்டன. மேலும், எம்ஈ 321 மேலெழும்பியதும் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகளில் தரையிறங்கியதால், அதனை நகர்த்தத் தனி இழுவை வண்டிகள் தேவைப்பட்டன. அதுவரை அது எதிரிக்கு எளிய இலக்காகவே இருந்தது.

பிற்காலம்

சுமார் 200 வானூர்திகளுடன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின்னர் ஆறு பிரெஞ்சு எஞ்சின்களும் நிலையான சக்கரங்களும் சேர்க்கப்பட்டு எம்ஈ 323 உருவானது. எஞ்சின்களின் எடையால் சுமைத்திறன் பாதியளவுக்குக் குறைந்தது, வேகமும் குறைவே. 1943 ஏப்ரல் 22 அன்று துனீசியாவுக்கு எரிபொருள் கொண்டுசென்ற எம்ஈ 323 அணியின் பெரும்பகுதியை நேச நாட்டுச் சண்டை வானூர்திகள் சுட்டு வீழ்த்தின. 2012ல் சார்தீனியா அருகே கடலடியில் ஓர் எம்ஈ 323 கண்டறியப்பட்டது.