முதல் நாளின் காப்பு

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைத் துன்பம் அணுகாது காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது அது. பிறந்த குழந்தைக்கு முதலில் வேண்டுவது காவலே என்னும் உண்மையை மருத்துவ அறிவியலும் உணர்த்துகிறது. ஹெபடைடிஸ் பி என்னும் நோயைத் தைவான் எதிர்கொண்ட வரலாறு அதற்குச் சான்றாகும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரலைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. அமெரிக்க அறிவியலறிஞர் பரூக் புளூம்பெர்க், 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் புதியதொரு புரதத்தைக் கண்டார். அது இவ்வைரஸின் மேலுறையைச் சார்ந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குருதிச் சோதனையால் தொற்றை அறிவதற்கும் தடுப்பூசி உருவாவதற்கும் அதுவே வழிவகுத்தது. 1976ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வைரஸ் குருதி, உடல்நீர்மங்கள் ஆகியவற்றின் வழியே பரவுகிறது. மகப்பேற்றின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுகிறது. தூய்மை செய்யப்படாத ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் கருவி, சோதிக்கப்படாத குருதி, பாதுகாப்பற்ற பாலுறவு ஆகியனவும் தொற்றுக்கு வாயில்களாகும். ஒன்றாக அமர்ந்து உண்பதாலோ கைகுலுக்குவதாலோ இது பரவுவதில்லை. எனவே, தொற்றுடையோரை விலக்கி வைப்பது அறியாமையாகும்.

எந்த வயதில் தொற்றுகிறது என்பதே இந்நோயின் போக்கைப் பெரிதும் முடிவு செய்கிறது. வளர்ந்தோருக்குத் தொற்றினால், நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிடமே வைரஸ் நிலைத்துத் தங்குகிறது. பிறப்பின்போது தொற்றினாலோ, நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் தோன்றாது. ஆயினும் அவர்களுள் சிலருக்குப் பிற்காலத்தில் கல்லீரல் இறுக்கநோயோ புற்றுநோயோ உண்டாகிறது.

தைவானில் பாமர் பீஸ்லி என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களுள் 3,454 பேர் உடலில் வைரஸைச் சுமந்தவர்கள். 1981இல் வெளியான முடிவுகளின்படி, கல்லீரல் புற்றுநோய்க்கு ஆளான 41 பேரில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்களே. வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு ஐயத்திற்கு இடமின்றிப் புலனாயிற்று.

1984 ஜூலையில் தைவான் அரசு நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில், தொற்றுடைய தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. மிகுதியாகத் தொற்றைப் பரப்பும் நிலையிலிருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, உடனடிக் காப்பளிக்கும் எதிர்ப்புப் புரதமும் பிறந்த ஒரு நாளுக்குள் செலுத்தப்பட்டது. 1986இல் திட்டம் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது.

பயன் விரைவில் தெரிந்தது. தைபே நகரச் சிறாரிடையே 1984இல் 9.8 விழுக்காடாக இருந்த தொற்று, 1994இல் 1.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான சிறாரிடையே, இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய் 0.36 ஆகச் சரிந்தது. தடுப்பூசியால் புற்றுநோயையும் தடுக்கலாம் என்பது ஒரு நாட்டின் மக்கள்தொகையிலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

இந்தியாவிலும் இத்தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி இடப்படுகிறது. முதல் தவணை, பிறந்த 24 மணிநேரத்திற்குள் அளிக்கப்பட வேண்டும். அதன்பின் 6, 10, 14 ஆகிய வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியின் பகுதியாக அது தொடர்கிறது. முன்னரே நிலைத்துவிட்ட தொற்றைத் தடுப்பூசி நீக்காது. மருந்துகளும் பெரும்பாலும் அதனைக் கட்டுப்படுத்தவே செய்கின்றன. ஆதலால், கருவுற்ற தாய்க்குக் குருதிச் சோதனையும் பிறந்த குழந்தைக்கு உரிய நேரத்தில் தடுப்பூசியும் தவறாது கிடைக்கச் செய்தல், குடும்பத்தின் கடமை; அரசின் கடமையுமாகும்.