மாடிக்கு ஏறாத வைபை சிக்னல்: இன்னொரு பெட்டி வாங்குவதற்கு முன்பு இதைப் படிங்க

சென்னை:-

கீழே ஹாலில் இன்டர்நெட் பறக்கிறது. மாடிப்படி ஏறினால் படுத்து விடுகிறது. நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், அம்பத்தூர் என்று எங்கே போனாலும் மாடி வைத்த தனி வீடுகளில் கேட்கும் புலம்பல் இதுதான்.

மகள் மாடி அறையில் வேலைக்கான இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பாள். பாதிக் கேள்வியில் வீடியோ உறைந்து போகும். எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, கேட்குதா?" என்று இரண்டு முறை கேட்டு விட்டு அடுத்த ஆளை அழைத்து விடுவார். மாதா மாதம் பில் கட்டுவது என்னவோ குறையில்லாமல் நடக்கும்.

உடனே கடைக்கு ஓடி "ஒரு பூஸ்டர் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து மாட்டுகிறார்கள். செல்போனில் சிக்னல் கோடு முழுசாகத் தெரியும். வேகம் மட்டும் அதே ஆமை வேகம். ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் போனதுதான் மிச்சம்.

இதற்குக் காரணம் என்ன? உருப்படியாக என்ன செய்யலாம்? விவரம் வருமாறு:-

சுவர்தான் முதல் எதிரி

வைபை பெட்டியின் அட்டையில் இத்தனை ஆயிரம் சதுர அடிக்கு எட்டும் என்று போட்டிருப்பார்கள். அது இடையில் தடை அதிகம் இல்லாத இடத்துக்கான கணக்கு. அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் அட்டை அடித்துக் கட்டியவை. அதில் சிக்னல் சுலபமாகப் புகுந்து போய்விடும். நம்ம ஊர் வீடு அப்படியா? ஒன்பது அங்குல செங்கல் சுவர், கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். கம்பி வலை பின்னிய தளம் ரேடியோ அலைக்குப் பெரிய தடுப்பு.

போதாக்குறைக்கு இரும்பு பீரோ, பிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி. இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிக் கொள்ளும்.

இன்னொரு விஷயம். பெட்டியில் நிற்கும் குச்சி ஆன்டெனாவில் இருந்து சிக்னல் மெதுவடை போலப் பரவுகிறது. சுற்றிலும் கனமாக இருக்கும். குச்சியின் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை. ஹாலில் பெட்டிக்கு நேர் மேலே படுக்கை அறை இருந்தால் அந்த ஓட்டைக்குள்தான் தூங்குகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு குச்சி இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்கவும் வைத்துப் பார்க்கலாம். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

காசு செலவில்லாத வேலை முதலில்

லைன் இழுக்க வரும் பையன் வாசல் பக்கம் எந்த ஜன்னல் கிடைக்கிறதோ அதன் வழியாக வயரை விட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயோ டி.வி.க்குப் பின்னாலோ பெட்டியை மாட்டி விட்டுப் போய்விடுகிறான். அதனால் பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகிறது. வீட்டின் நடுவில், மாடிப்படி ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேலே பெட்டியை மாற்றி வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை முடிந்து விடும். பைபர் வயரை மட்டும் நீங்களாக இழுத்து மடக்க வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. லைன் ஆளையே கூப்பிடுவது நல்லது.

அடுத்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே வேகம் இல்லை என்றால் தகராறு லைனில். எத்தனை பெட்டி வாங்கி அடுக்கினாலும் மாடியில் வேகம் வராது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பூஸ்டர் ஏன் பாதி வேகம்?

"பூஸ்டர்" என்ற பெயரே தப்பு. அது எதையும் பெருக்குவதில்லை. மெயின் பெட்டி சொல்வதைக் கேட்டு மறுபடி சொல்கிறது, அவ்வளவுதான். மலிவான பூஸ்டரில் ரேடியோ ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கேட்கும்போது பேச முடியாது. பேசும்போது கேட்க முடியாது. ஒரே ஆள் கிணற்றில் இறைத்து, அதே வாளியைத் தூக்கிக் கொண்டு போய் ஊற்றி விட்டுத் திரும்பி வருவது மாதிரி. அதனால்தான் வேகம் பாதிக்குப் பாதி குறைகிறது. அதற்கும் அப்பால் இன்னொரு பூஸ்டர் மாட்டினால் கால்வாசிதான் மிஞ்சும்.

மாட்டும் இடத்திலும் தப்பு நடக்கிறது. சிக்னல் வராத அறையிலேயே கொண்டு போய் மாட்டுகிறார்கள். அங்கே அதுக்கே எதுவும் கேட்காதே! கேட்காததை எப்படி மறுபடி சொல்லும்? மெயின் பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில்தான் மாட்ட வேண்டும். மாடிப்படித் திருப்பம் பல வீடுகளில் சரியான இடம். செல்போனில் சிக்னல் அளவு காட்டும் ஆப் போட்டுப் பார்த்தால் மைனஸ் 67 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மைனஸ் 50 ரொம்ப நல்லது. மைனஸ் 80 என்றால் அந்த இடத்தை மறந்து விடலாம்.

இரட்டை அலைவரிசை பூஸ்டர் கொஞ்சம் தேவலை. 5 ஜிகாஹெர்ட்சில் வாங்கி 2.4 ஜிகாஹெர்ட்சில் கொடுக்கும். ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமாக இருந்தாலும் சுவரைத் தாண்டுவதில் மட்டம். கான்கிரீட் தளம் இடையில் வந்தால் அதுவும் முரண்டு பிடிக்கும்.

கேபிள்தான் ராஜா

அப்போ என்ன பண்றது? கீழே இருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, மேலே இரண்டாவது பெட்டியை அதில் சொருகுவதுதான் உறுதியான வழி. இதில் பாதி வேகம் என்ற பேச்சே இல்லை. கீழே கிடைக்கும் வேகம் கேபிள் வழியாக அப்படியே மேலே வந்து விடும். சாதாரண 'கேட் 5இ' கேபிளே வினாடிக்கு 1 ஜிகாபிட் தாங்கும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். எந்த வீட்டுக்கு 100 மீட்டர் வேண்டும்?

பழைய கேபிள் டி.வி. வயர் போன பைப் இருந்தால் அதிலேயே விடலாம். கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து விடக்கூடாது. இரைச்சல் வரும் என்பது ஒருபுறம், ஷாக் அடிக்கும் ஆபத்து இன்னொரு புறம்.

பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையே இரண்டாவது பெட்டியாக்கலாம். இதற்கு மூன்று வேலை செய்ய வேண்டும். மெயின் பெட்டியோடு இணைப்பதற்கு முன்பே, பழைய ரூட்டரின் செட்டிங்சில் போய் முகவரியை மாற்ற வேண்டும். மெயின் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்பது போல வேறு எண், அதுவும் மெயின் பெட்டி மற்ற கருவிகளுக்குத் தானாகக் கொடுக்கும் எண்களில் சேராததாக இருக்க வேண்டும். அடுத்து 'டி.எச்.சி.பி.' என்பதை ஆப் செய்து விட வேண்டும். கடைசியாக, கேபிளை 'வேன்' என்ற தனி ஓட்டையில் சொருகாமல் 'லேன்' ஓட்டை ஒன்றில் சொருக வேண்டும். புது ரூட்டர்களில் 'அக்சஸ் பாயின்ட்' என்று ஒரு பட்டனே இருக்கிறது. அதை அழுத்தினால் இந்த வேலை எல்லாம் தானாக நடந்து விடும்.

டி.எச்.சி.பி.யை விட்டு வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் உள்ள போன், லேப்டாப்புக்கு எல்லாம் எண் கொடுக்கும் வேலை அது. இரண்டு பெட்டியும் தனித்தனியாக எண் கொடுக்கக் கிளம்பினால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பத் தலைவர் இருப்பது போலத்தான். இன்டர்நெட் வரும், போகும். வேன் ஓட்டையில் சொருகினாலோ மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்து விடும். மாடியில் இருந்து கீழே உள்ள பிரின்டரைக் கண்டுபிடிக்க முடியாது. போனில் உள்ள படத்தை ஹால் டி.வி.யில் போட முடியாது. வாட்ஸ்அப்பில் பேசிக் கொண்டே படி ஏறினால் கால் கட் ஆகும்.

ஒரே பெயர், வேறு சேனல்

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே வகைப் பாதுகாப்பு இருக்க வேண்டும். அப்போதுதான் போன் தானாக மாறிக் கொள்ளும். சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்சில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11. கீழே 1 என்றால் மாடிக்கு 6 அல்லது 11. இரண்டும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசி முடிக்கும் வரை மற்றது காத்திருக்கும். அடுக்கு மாடி குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதே சேனலில் கத்திக் கொண்டிருக்கும். அங்கே கூடுமான வரை 5 ஜிகாஹெர்ட்சுக்கு மாறுவதே நிம்மதி. சமையல் அறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஓடுகிறது. பால் சுட வைக்கும்போது வீடியோ திணறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில போன்கள் மாடிக்கு வந்த பிறகும் கீழ்ப் பெட்டியையே கட்டிப் பிடித்துக் கொண்டிருக்கும். எந்தப் பெட்டியோடு இணைவது என்று முடிவு செய்வது போன்தான், பெட்டி அல்ல. பழைய சிக்னல் ரொம்ப மோசமானால்தான் அது மாறும். இரண்டு பெட்டியும் மிக நெருக்கமாக இருந்தால் இந்தப் பிடிவாதம் அதிகம். செட்டிங்சில் சிக்னல் பலத்தைக் கொஞ்சம் குறைத்தால் மாறி விடும். சிக்னலைக் குறைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்பதை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆப்பிள் காட்டிய வழி

வீட்டு வைபையை ஜனங்களிடம் கொண்டு போனதில் ஆப்பிள் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1999-ம் ஆண்டு நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் லேப்டாப்பை ஒரு வளையத்துக்குள் நுழைத்து எடுத்து, வயரே இல்லை பாருங்கள் என்று காட்டினார். அதோடு வந்ததுதான் பறக்கும் தட்டு போல இருந்த 'ஏர்போர்ட் பேஸ் ஸ்டேஷன்'. 2004-ல் சுவர் பிளக்கிலேயே சொருகும் 'ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்' வந்தது. ஒன்றுக்கு மேல் பேஸ் ஸ்டேஷன் வைத்து வீடு முழுக்க வலை விரிப்பது இதில் இருந்து பலருக்குப் பழக்கமானது. 2018 ஏப்ரலில் இந்தத் தொழிலையே விடுவதாக ஆப்பிள் அறிவித்து விட்டது. அமெரிக்காவில் இருந்து பிள்ளைகள் கொண்டு வந்து கொடுத்த இந்தப் பெட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. 'பிரிட்ஜ்' முறையில் கேபிளில் சொருகினால் மாடிக்கு இதுவும் உதவும். ஆனால் இப்போதைய பெட்டிகளின் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

மெஷ் வாங்கலாமா?

கடைகளில் இப்போது 'மெஷ்' என்று இரண்டு, மூன்று பெட்டியாகச் சேர்த்து விற்கிறார்கள். விலை பூஸ்டரைப் போலப் பல மடங்கு. ஒன்றோடு ஒன்று பேசி, சேனலைத் தாங்களே பார்த்துக் கொள்ளும். செட்டிங்ஸ் எல்லாம் போன் ஆப்பிலேயே முடிந்து விடும். சுவரை உடைக்க முடியாத வாடகை வீட்டுக்கு நல்ல ஏற்பாடு. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக் கொள்ளவே தனி ரேடியோ உள்ள மூன்று அலைவரிசை ரகம் என்றால் வேகம் அதிகம் குறையாது. இரண்டு அலைவரிசை ரகத்தில் பூஸ்டரின் பழைய வியாதி ஓரளவு இருக்கும். மெஷ் பெட்டிக்கும் லேன் கேபிள் கொடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொடுத்தால் அதன் ஓட்டமே தனி.

இரண்டாவது பூட்டு

மெயின் பெட்டிக்கு நல்ல பாஸ்வேர்டு போட்டு விட்டு, மாடிப் பெட்டியைத் திறந்து போடும் வீடுகள் உண்டு. கொல்லைக் கதவைத் திறந்து வைத்து வாசலில் பூட்டுப் போட்ட கதை இது. 2008 ஜூலையில் ஆமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்கு சில நிமிடங்களுக்கு முன்பு வந்த மிரட்டல் இ-மெயில், நவி மும்பையில் ஒரு வீட்டின் வைபையில் இருந்து போயிருந்தது. அந்த வீட்டுக்காரர் அனுப்பவில்லை. அவரது வைபையை யாரோ பயன்படுத்தி இருந்தனர். ஆனாலும் போலீஸ் விசாரணையில் அவர் சிக்கித் தவிக்க நேர்ந்தது.

எனவே இரண்டாவது பெட்டியிலும் 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' பாதுகாப்பு போட வேண்டும். 'வெப்' மட்டுமே உள்ள ரொம்பப் பழைய பெட்டி என்றால் காயலான் கடைதான். அந்தப் பூட்டை உடைக்கலாம் என்பது 2001-லேயே நிரூபணம் ஆகி விட்டது. 'அட்மின்' என்று கம்பெனி வைத்த பாஸ்வேர்டையும் மாற்றி விடுங்கள்.

மழைக்காலத்தில் உஷார்

வெளிச்சுவர் வழியாக லேன் கேபிள் இழுத்தவர்கள் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் சமயத்தில் இரு முனையையும் கழற்றி வைப்பது நல்லது. பைபரில் மின்சாரம் பாயாது. செம்புக் கம்பியில் பாயும். பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால் இரண்டு பெட்டியும் சேர்ந்தே போய்விடும்.

கரண்ட் கட்டானால் மாடிப் பெட்டியும் அணைந்து விடும் என்பதை நிறைய பேர் மறந்து விடுகிறார்கள். மெயின் பெட்டியை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது பெட்டிக்கும் இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்காகப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். கேபிளை இழுத்து முடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீசியனிடம் இதைச் சொல்லி விட்டால் இரண்டாம் முறை சுவரைக் குடைய வேண்டியது இல்லை.