ஆறில்லாக் குடாநாட்டில் மீன் எண்ணுவது எதற்கு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்றுதான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரில் ஆறு இருந்தாலும் இரண்டும் கடல் உள்ளே புகுந்து கிடக்கும் நீரேரிகள். ஒரேயொரு விதிவிலக்கு வழுக்கை ஆறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கங்களால் குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு வந்து அராலியில் நீரேரியில் விழுகிறது. மாரியில் சில மாதங்கள்தான் ஓட்டம். பங்குனி வெயிலில் அதைக் காட்டி ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்.

இப்படியான இடத்தில் ஒருவர் நன்னீர் மீன்களை ஆராய்கிறார் என்றால், அவர் என்னதான் செய்கிறார்? இந்தக் கேள்வியோடு சென்ற மாரியில் இளம் ஆய்வாளர் ஒருவருக்குப் பின்னால் சில நாட்கள் வயல் வரம்புகளில் நடந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய சாமான்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் அடங்கிவிடும்: சிறுகண் வலை, இரண்டு வாளி, அளவுகோல் ஒட்டிய பலகை, சிறிய தராசு, தண்ணீரில் அமிழ்த்தும் கருவி ஒன்று, மழைக்கு நனையாமல் பொலித்தீனில் சுற்றிய கொப்பி.

வேலை விடியமுன் தொடங்குகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. நீர்த்தாவரங்களும் பாசியும் பகலில் வெளிச்சத்தால் ஒட்சிசனை விடுகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதையே சுவாசிக்கின்றன. ஆகவே தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருப்பது சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர். நண்பகலில் அளந்தால் எந்தக் குளமும் நல்ல குளமாகத்தான் தெரியும். தோட்டத்து உரம் மழையோடு வழிந்து குளத்தில் சேர்ந்தால் பாசி பொங்குகிறது. பாசி பொங்கிய குளத்தில் விடியப்புற ஒட்சிசன் விழுந்துவிடுகிறது. எங்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிவிட்டது என்று ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அதே உரத்தின் மறுபக்கத்தை மீன் காட்டுகிறது.

அடுத்தது மின்கடத்துதிறன். சொல் கடினமாக இருந்தாலும் விடயம் எளிது: தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. பிறகு வலை. பிடிபட்டவற்றை இனம் பிரித்து, நீளமும் நிறையும் எடுத்து, உடனே தண்ணீரில் விடுகிறார். நீளத்துக்கு ஏற்ற நிறை இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தத் தண்ணீரில் சாப்பாடு போதுமா என்று தெரிந்துவிடும். வயது பார்ப்பது இன்னும் நுணுக்கமானது. மீனின் காதுக்குள் இருக்கும் சிறிய கல்லில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலக் கோடுகள் விழுகின்றன. ஆனால் அந்தக் கல்லை எடுக்க மீன் சாக வேண்டும். அதனால் ஒரு குளத்தில் இரண்டு மூன்று மீனுக்கு மேல் அவர் தொடுவதில்லை.

இலங்கைக்கு உரிய நன்னீர் மீனினங்கள் தொண்ணூறுக்கு மேல். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் அந்த அபூர்வ இனங்களில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலய ஆறுகளில்தான் வாழ்கின்றன. எங்களிடம் இருப்பவை விரால், பனையேறி, சுங்கான், கெளுத்தி, சிறு கெண்டைகள். தமிழ்நாட்டுக் கண்மாய்களிலும் இருக்கும் சாதாரண மீன்கள். அபூர்வம் இல்லையென்றால் ஆய்வுப் பணமும் குறைவு, கவனமும் குறைவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சாதாரண மீன்தான் சாதாரண மனிதர் குடிக்கும் தண்ணீரின் நிலையைச் சொல்கிறது.

தவிர, இந்தச் சாதாரண மீன்களிடம் உள்ள வித்தை இலேசானதல்ல. ஆண்டின் பாதி வற்றிக் கிடக்கும் மண்ணில் பூவால் மட்டும் சுவாசித்து வாழ முடியாது. விரால், பனையேறி, சுங்கான் மூன்றும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். பனையேறியின் தலைக்குள், பூவுக்கு மேலே, மடிப்பு மடிப்பான உறுப்பொன்று இதற்கென்றே இருக்கிறது. சுங்கானுக்கு உடலின் உள்ளே நீண்ட காற்றுப்பைகள். விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடத்தும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனென்ற், வற்றிய குளத்துச் சேற்றை வெட்டி ஆட்கள் உயிர் மீன் எடுப்பதைப் பற்றித் தனது நூலில் வியந்து எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னர், 1791இல் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனையில் தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே பனையேறியைப் பிடித்ததாக எழுதினார். ஐரோப்பிய அறிஞர்கள் இதை நம்புவதா இல்லையா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். மீன் உண்மையில் பனை ஏறுமா என்பது வேறு கதை. செவுள் மூடியின் முட்களை ஊன்றி அது நிலத்தில் நகரும் என்பதில் சந்தேகமில்லை.

வழுக்கை ஆறு ஏன் முக்கியம் என்பது இங்கேதான் விளங்கும். அது மீன்களுக்கு வீடு என்பதைவிட ஒழுங்கை என்பதே சரி. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் குளம் நிரம்பி வாய்க்காலில் ஏற, மீன்கள் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. ஒரு குளத்து விரால் கோடையில் முற்றாகச் செத்துப்போனாலும், அடுத்த மாரியில் பக்கத்துக் குளத்திலிருந்து குடிவரலாம். சண்டிலிப்பாயில் ஒரு முதியவர் ஆய்வாளரிடம் சொன்னார்: "வெள்ளம் வந்தால் மீன் ஒழுங்கையால ஏறி வரும் பிள்ளை. நாங்கள் கரப்பால கவிழ்த்துப் பிடிப்பம். இப்ப வெள்ளம் வருது, மீனைக் காணேல்லை." ஆய்வாளர் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு நாங்கள் அந்த ஒழுங்கையின் கரையால் நடந்தோம். மதகுக்குள் பிளாஸ்ரிக் போத்தல்களும் கட்டட இடிபாடுகளும். அதற்கப்பால் வாய்க்காலின் மேலேயே ஒரு மதில்.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் குட்டைகளும் கணக்கில் உண்டு. அவை ஒன்றோடொன்று தொடுத்த வலை என்று பார்த்தால் ஒரு மதிலின் கனம் தெரியும். குளங்களைத் திருத்துகிறோம் என்று நடக்கும் வேலையிலும் இதே பிரச்சினை. கரையைச் செங்குத்தாகக் கல்லால் கட்டி, நடைபாதை போட்டு, மின்விளக்கு நட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் விரால் கூடு கட்டுவது ஆழத்தில் அல்ல, புல் முளைத்த கரையோரத்து ஆழமில்லாத் தண்ணீரில். தாயும் தகப்பனும் அங்கேதான் குஞ்சைக் காவல் காக்கும். கோடையில் முழுக் குளத்தையும் ஒரே தடவையில் தூர்வாருவதும் அப்படித்தான். மீன் ஒளிந்திருக்கும் சேறும் லொறியில் ஏறிப் போய்விடுகிறது. ஓராண்டு பாதி, மறு ஆண்டு பாதி என்று வாரினால் போதும். செலவும் பெரிதாகக் கூடாது.

இனிப் போருக்கு வர வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வில் பெரிய ஓட்டை அங்கேதான் விழுந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். வழுக்கை ஆற்றின் தலைப்பகுதியை அண்டிய நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு வலிகாமமே வெறுமையானது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சிக்குப் பெயர்ந்தது. ஆய்வு என்றால் ஒரே இடத்துக்கு ஒரே மாதத்தில் ஆண்டுதோறும் போவது. முள்ளுக்கம்பிக்குள் இருக்கும் குளத்துக்கு யார் வலையோடு போவது? 2009க்குப் பிறகு நிலங்கள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்கள் முதலில் தேடியது வீட்டு அத்திவாரத்தையும் கிணற்றையும். குளத்தில் என்ன மீன் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் நிலையில் ஒருவரும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க ஆய்வாளர் கையாளும் வழி எனக்குப் பிடித்தது. திரும்பி வந்த முதியவர்களிடம் மீன் படங்களைக் கலந்து காட்டுகிறார். பெயரை அவர் சொல்வதில்லை. அவர்களே சொல்ல வேண்டும். எந்தக் குளம், எந்த மாதம், எதால் பிடித்தீர்கள், என்ன கறி வைத்தீர்கள் என்று கேட்கிறார். இந்தப் பக்கத்தில் இல்லாத மீனின் படமும் இரண்டொன்று நடுவில் இருக்கும். அதையும் கண்டதாகச் சொல்பவரின் சாட்சியத்துக்குக் கணக்கில் நிறை குறைவு. தனித்தனியே கேட்ட ஐந்து பேர் ஒரே குளத்துக்கு ஒரே மீனைச் சொன்னால், அது 1990க்கு முந்திய பதிவாக ஏற்கப்படுகிறது. ஒரு அம்மா சுங்கானின் படத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். சிறுவயதில் அதன் முள் குத்தி இரவு முழுக்க அழுதாராம். இதைவிட உறுதியான பதிவு வேண்டுமா?

அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு எல்லாக் குளத்து மீனும் 'யப்பான்' தான். திலாப்பியாவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது, யப்பானுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆபிரிக்க மீன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதை வெறும் வில்லனாக்க நான் தயாரில்லை. வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்குக் குளத்து மீன் எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இன்றும் நாட்டின் உள்நாட்டு மீன் உற்பத்தியில் பெரும்பங்கு திலாப்பியாதான். 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி 1994இல் மீண்டும் தொடங்கியது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பெரிய குளத்தில் குஞ்சு விடுவது வாழ்வாதாரம். மதகு அடைபட்டுத் தனித்துப்போன ஊர்க் குட்டையில் விடுவது அப்படியல்ல. அங்கே இடமும் தீனியும் கொஞ்சம், சொந்த மீனுக்கு ஓடிப்போக வழியும் இல்லை.

இந்தப் பதிவுகள் நாளைக்கு எங்கே தேவைப்படும்? தண்ணீர் பற்றிய முடிவுகளில். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டி, உவர்நீரேரிகளை நன்னீராக்கும் திட்டம் பொறியியலாளர் ச. ஆறுமுகத்தின் பெயரோடு 1950களிலிருந்து பேசப்பட்டு வருகிறது. உவர் குறைந்தால் கமக்காரருக்குக் கிணறு நல்லது, வயல் விளையும். ஆனால் மணலையும் பாலைமீனும் இறாலும் கடலில் பிறந்து, குஞ்சாக நீரேரிக்குள் வந்து வளர்பவை. விலாங்கோ நன்னீரில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போவது. கதவு எந்த மாதம் திறக்கிறது, எந்த மாதம் மூடுகிறது என்பதில் ஒரு தொழிலாளியின் வலை நிறைவதும் வெறுமையாவதும் தங்கியிருக்கிறது. கமக்காரரும் கடற்றொழிலாளரும் எதிரெதிரே நிற்கும் கூட்டங்களில் நான் செய்தி எடுக்க இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் உண்மைதான் சொல்கிறது, இரண்டு பக்கத்திடமும் எண் இல்லை. கதவைப் பத்து நாள் பிந்தி மூடினால் எவ்வளவு குஞ்சு உள்ளே வரும் என்பது கணக்குத்தான், அரசியல் அல்ல. அந்தக் கணக்குக்குத் திட்டம் தொடங்கும் முன்னரே எடுத்த பதிவு வேண்டும்.

நிலத்தடியையும் மறக்கக்கூடாது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் குளமும் கிணறும் உள்ளே தொடர்புள்ளவை. சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளின் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் 2016 இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றில் பெருகுவது. அதற்கு முந்திய செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றிருந்தது. குடம்பிகளைத் தின்னக் கிணறுகளில் மீன் விட்டார்கள். அந்த வேலைக்கு வெளிநாட்டுக் கப்பி மீன் கைக்குச் சுலபம். ஆனால் மழையில் கிணறு நிரம்பி வழிந்தால் அது வாய்க்காலுக்கும் போகும். தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த எங்கள் சிறு மீனும் நுளம்புக் குடம்பியை நன்றாகவே தின்னும்.

கேரளத்தில் கிணறு இறைக்கும்போது வாளியில் வந்த கண்ணில்லாச் சிவப்பு மீன்களை ஊர்மக்கள் படம் எடுத்து ஆய்வாளருக்கு அனுப்பினார்கள். அவற்றிலிருந்து அறியப்பட்ட ஒரு புதிய இனத்துக்கு 2023இல் ஹோராக்ளானிஸ் பொபுலி என்று பெயர் வைத்தார்கள். பொபுலி என்றால் மக்களுடையது.

எங்கள் ஆய்வாளரும் அப்படித்தான் கேட்கிறார். மாரியில் ஒழுங்கையிலோ வயலிலோ கிணற்றிலோ மீன் கண்டால், கைத்தொலைபேசியில் பக்கவாட்டில் ஒரு படம், பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு. திகதி, ஊர், குளத்தின் பெயர். வீட்டில் வயதானவர்கள் அந்த மீனை என்ன பெயரால் சொல்கிறார்கள் என்பதும் வேண்டும். கொப்பியில் கந்தரோடைப் பக்கத்துக் குளமொன்றின் பக்கத்தைக் காட்டினார். 1990க்கு முன் என்ற நிரலில் முதியவர்கள் சொன்ன ஒன்பது பெயர்கள். சென்ற மாரி என்ற நிரலில் நான்கு. நான்காவது யப்பான்.