இல்லாத கணினியில் ஓடும் ஹைக்கூ

என் மடிக்கணினியில் நெட்வொர்க் கேபிள் செருகத் துளையே கிடையாது; வைஃபை மட்டும்தான். அதன் திரையில் ஒரு சன்னலுக்குள் ஹைக்கூ என்ற இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் டெர்மினலைத் திறந்து ‘லிஸ்ட்டெவ்’ என்று தட்டினேன். கணினியில் உள்ள கருவிகளின் பட்டியல் வந்தது. நடுவில் ஒரு வரி: இன்டெல் 82540இஎம், ஈதர்நெட் அட்டை. 2000களின் தொடக்கத்தில் மேசைக் கணினிகளில் இருந்த அட்டை அது. மடிக்கணினியைக் கழற்றித் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஹைக்கூ அதன் வழியாகத்தான் இணையத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அதற்குக் கிடைத்த முகவரி 10.0.2.15.

அந்த அட்டை முழுக்க முழுக்க நிரல். ஹைக்கூவின் டிரைவர், அட்டையின் இன்ன இடத்தில் இன்ன எண்ணை எழுது என்கிறது. ஹைக்கூவுக்கு இந்த மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் அதை வழிமறித்து வாங்கிக்கொள்கிறது. உண்மையான சில்லு என்ன பதில் சொல்லுமோ அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, தரவை வைஃபை வழியாக வெளியே அனுப்புகிறது. வட்டு, திரை, கடிகாரம் எல்லாமே இப்படித்தான். வட்டு என்று ஹைக்கூ நம்புவது என் விண்டோஸ் கோப்புறையில் கிடக்கும் ஒரே ஒரு கோப்பு.

கருவிகளைப் போல நடிப்பது எளிய பகுதி. பிராசஸர் விஷயம் அப்படியல்ல. எந்த இயங்குதளமும் கணினிக்குத் தானே முழு உரிமையாளர் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. மெய்நிகர் கணினியில் அது குடக்கூலிக்கு வந்தது. வீட்டின் மெயின் வால்வை அது திருகும்போதெல்லாம் உரிமையாளருக்கு மணி அடிக்க வேண்டும். அவர் வந்து, அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தித் தர வேண்டும். குடியிருப்பவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் பொறியாளர்கள் 1960களிலேயே சிபி-40 என்ற அமைப்பில் இதைச் செய்துவிட்டார்கள். ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கிடைத்தது போலவே இருந்தது. பிராசஸர் எப்படி இருந்தால் இது சரியாக நடக்கும் என்பதை 1974இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் கணித வடிவில் எழுதி வைத்தார்கள். கணினியின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும், உரிமையில்லாதவர் பிறப்பித்தால் மணி அடித்தாக வேண்டும்.

நம் மேசைக்கு வந்த எக்ஸ்86 பிராசஸர்கள் இந்த விதியில் தவறின. பென்டியத்தில் மணி அடிக்காத கட்டளைகள் 17 என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று ‘பாப்எஃப்’. இயங்குதளம் இதைக்கொண்டு, சற்று நேரம் யாரும் குறுக்கிடாதே என்று பிராசஸரிடம் சொல்ல முடியும். உரிமையில்லாத நிலையில் அதையே சொன்னால் பிராசஸர் மறுப்பதுமில்லை, செய்வதுமில்லை, சத்தமின்றிக் கடந்துபோகிறது. வால்வைத் திருகியாகிவிட்டது, மணி அடிக்கவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று நம்பிக் குழாயைக் கழற்றுகிறார் குடியிருப்பவர். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1998இல் தொடங்கிய விஎம்வேர் இதற்கு ஒரு வழி கண்டது. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் விருந்தாளி இயங்குதளத்தின் நிரலை ஓடும்போதே படித்து, ஆபத்தான கட்டளைகளை மட்டும் வேறு கட்டளைகளாக மாற்றி எழுதியது. மற்றவை நேராகப் பிராசஸரில் ஓடின. டயேன் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐவர் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் மேசைப் பதிப்பு 1999இல் வந்தது. கணினி வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைத்த வேலைகளில் ஒன்று இது. பிராசஸரின் குறையை ஒரு சில்லைக்கூட மாற்றாமல் நிரலாலேயே கடந்தார்கள். 2005 நவம்பரில் இன்டெல்லும் மறு ஆண்டில் ஏஎம்டியும் பிராசஸருக்குள்ளேயே வசதி செய்து கொடுத்தன. இப்போது விருந்தாளிக்கென்று தனி நிலையே இருக்கிறது. எல்லை மீறும் இடத்தில் பிராசஸர் தானாக நின்று, விருந்தாளிகளை மேற்பார்க்கும் நிரலான ஹைப்பர்வைசரைக் கூப்பிடுகிறது.

ஹைக்கூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஜான்-லூயி கசே 1990இல் தொடங்கிய ‘பீ’ நிறுவனத்தின் பீஓஎஸ் அதன் மூதாதை. படமும் ஒலியும் தடங்கலின்றி ஓட வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டது அது. 1996இல் புதிய இயங்குதளம் தேடிய ஆப்பிள், பீயுடன் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. 2001இல் பீயின் தொழில்நுட்பம் பாம் நிறுவனத்துக்குப் போனது. மூலநிரலின் பெரும்பகுதி மூடியே இருந்தது. ஆயிரம் பேர் நேசித்தாலும், நிரல் கையில் இல்லாவிட்டால் ஓர் இயங்குதளத்தை நேசித்தவர்களால் காப்பாற்ற முடியாது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் அதைப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். 2004இல் ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். பீஓஎஸ் உலாவி தன் பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதைகளாகக் காட்டியதன் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. முதல் பீட்டா 2018இல் வந்தது. ஐந்தாவது 2024 செப்டம்பரில்.

இவ்வளவு சிறிய குழு இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க மெய்நிகர் கணினி பெரிய துணை என்பது என் உறுதியான எண்ணம். சந்தையில் மாடலுக்கு மாடல் வைஃபை சில்லும் கிராஃபிக்ஸ் சில்லும் மாறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் எழுத வேண்டும். பல சில்லுகளுக்கு விவரக் குறிப்பே வெளியில் கிடைக்காது. மெய்நிகர் கணினியிலோ எல்லோர் வீட்டிலும் அதே பழைய 82540இஎம். அதற்கு ஒரு டிரைவர் சரியாக இருந்தால் போதும். மதுரையில் ஒரு மாணவியும் ஜெர்மனியில் ஒரு நிரலாளரும் ஒரே ‘கணினி’யில் ஒரே பிழையைப் பார்க்க முடியும்.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும், அங்கே பார்க்க எவ்வளவு இருக்கிறது என்று. ஹைக்கூவில் ஒருவரின் தொலைபேசி எண் ஒரு கோப்பின் பண்பாகவே வட்டில் பதிவாகிறது. மின்னஞ்சலின் அனுப்புநர், தலைப்பு எல்லாமும் அப்படியே. ஊர்ப் பெயரை வைத்து ஒரு தேடல் போட்டு, விடைச் சன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். வேறோர் இடத்தில் அதே ஊரோடு புதிய முகவரி ஒன்றைச் சேமித்தேன். சேமித்த கணமே அந்த முகவரிக்குரியவரின் பெயர் தேடல் சன்னலில் தானாக வந்து உட்கார்ந்தது. தரவுத்தளம் செய்யும் வேலையைக் கோப்பு முறைமையே செய்கிறது.

நிறுவுவது பெரிய வேலையல்ல. ஹைக்கூ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விர்ச்சுவல்பாக்ஸில் 2 ஜிபி நினைவகமும் 10 ஜிபி வட்டும் கொடுத்தேன். கொடுத்ததும் 10 ஜிபி காணாமல் போய்விடாது. எழுத எழுதத்தான் கோப்பு வளரும். முதல்முறை தொடங்கவே மறுத்தது. பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைந்து கிடந்தது. அதை இயக்கியதும் சரியானது. எம் வரிசைச் சில்லு உள்ள மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: அங்கே பிராசஸரின் மொழியே வேறு. ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டும். வேகம் வெகுவாகக் குறையும்.

இந்த வீட்டின் சுவர்கள் இரும்பல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015இல் ‘வெனம்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. க்யூஈஎம்யூ என்ற மெய்நிகராக்க நிரலில் ஃபிளாப்பி வட்டுக் கட்டுப்படுத்தியாக நடிக்கும் பகுதியில் 2004 முதல் இருந்த பிழை அது. விருந்தாளி அதன் வழியே வெளியே வந்துவிட முடியும். அந்த நிரலைப் பகிர்ந்துகொண்ட விர்ச்சுவல்பாக்ஸையும் அது பாதித்தது. யாருமே பயன்படுத்தாத கருவி, அதுவும் இல்லாத கருவி, கதவாகிவிட்டது. ஆகவே மெய்நிகராக்க மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

கடைசியாக ஸ்னாப்ஷாட். அதை எடுத்த நொடியில் வட்டுக் கோப்பு உறைந்துவிடும். அதன்பின் எழுதுவதெல்லாம் பக்கத்தில் தனிக் கோப்பாகச் சேரும். ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, தொடக்கூடாது என்று தெரிந்தே, ஹைக்கூவின் அமைப்புப் பொதிகள் இருக்கும் கோப்புறையில் கை வைத்தேன். மறுதொடக்கத்தில் அது எழவில்லை. தொடக்கத் திரையில் வரிசையாக ஒளிர வேண்டிய படங்கள் பாதியிலேயே நின்றன. சன்னலை மூடி, பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த அந்தத் தனிக் கோப்பை எறிவதுதான் வேலை என்பதால் சில நொடிகளே ஆயின. மறுபடி படங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன, கடைசியில் ராக்கெட். டெர்மினலைத் திறந்து பார்த்தேன். இன்டெல் 82540இஎம், 10.0.2.15. நான் செய்தது எதுவும் அதற்குத் தெரியாது. கோப்புறையை மீண்டும் திறந்தேன்; இந்த முறை வேறொரு பொதி.